மீன் வயிற்றுக்குள் ஒரு குளம்! உக்கடம் முதல் ஆழியாறு வரை கொங்கு நாட்டில் ஒரு மீன்வழிப் பயணம்

கோவைப் பக்கம் சுற்றுலா வருபவர்கள் பவானிசாகரிலோ, கொடிவேரியிலோ, ஆழியாறிலோ பொரித்த மீன் சாப்பிடாமல் ஊர் திரும்புவதில்லை. அந்த மீன், தட்டுக்கு வருவதற்கு முன்னால் எத்தனையோ நோய்க்கிருமிகளோடு மல்லுக்கட்டியிருக்கும். அந்தச் சண்டையின் பெரும்பகுதி நடக்கும் இடம், நாம் சுத்தம் செய்யும்போது தூக்கி எறியும் குடல்!

உக்கடம்: வயிறு சொல்லும் சேதி

விடிவதற்கு முன்பே கோவை உக்கடம் மீன் மார்க்கெட் விழித்துவிடுகிறது. கேரளக் கரையிலிருந்தும், ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கமிருந்தும் ஐஸ் பெட்டிகளில் வந்து இறங்கும் மத்தி, அயிலை, வஞ்சிரம் ஒரு பக்கம். கட்லா, ரோகு, ஜிலேபி என்று அணை மீனும் குளத்து மீனும் இன்னொரு பக்கம். கடல் இல்லாத மாவட்டம்தான். ஆனால், ஞாயிற்றுக்கிழமை இங்கே நிற்க இடம் கிடைக்காது.

பழகிய கை உள்ளவர்கள் மீனை எடுத்ததும் மூன்று இடங்களைப் பார்ப்பார்கள். செவுள் சிவப்பாக இருக்கிறதா, கண் தெளிவாக இருக்கிறதா, வயிறு கெட்டியாக இருக்கிறதா? வயிற்றை விரலால் அமுக்கினால் பள்ளம் விழாமல் மேலே எழும்ப வேண்டும். தொளதொளவென்று இருந்தால், "வேண்டாமுங்க" என்று கீழே வைத்துவிடுவார்கள்.

வயிறு ஏன் முதலில் கெட்டுப்போகிறது? உயிரோடு இருக்கும் மீனின் குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அவை சதைக்குள் நுழைந்துவிடாதபடி குடல் சுவரும், அதன்மேல் இருக்கும் வழவழப்பான சளிப்படலமும், எதிர்ப்பு அணுக்களும் இரவு பகலாகக் காவல் நிற்கின்றன. மீன் செத்ததும் காவலும் போய்விடுகிறது. செரிமான நொதிகள் குடலையே கரைக்க ஆரம்பிக்கின்றன. பாக்டீரியாக்கள் வெளியேறி அக்கம்பக்கத்துச் சதையில் பெருகுகின்றன. அதனால்தான் வயிறு முதலில் தளர்கிறது. விவரம் தெரிந்த வளர்ப்பாளர்கள், மீன் பிடிப்பதற்கு ஒரு நாள் முன்பே தீவனத்தை நிறுத்திவிடுவதற்கும் காரணம் இதுதான். குடல் காலியாக இருந்தால் மீன் தாக்குப்பிடிக்கும்.

ஆக, உயிரோடு இருக்கும்போது மீனைக் காப்பதும், செத்த பிறகு கெடுப்பதும் பெரும்பாலும் அதே குடல் உலகம்தான். அந்த உலகத்தைப் புரிந்துகொள்ள உக்கடத்திலிருந்து வடக்கே கிளம்ப வேண்டும்.

அன்னூர் ரோடு: வறண்ட குளங்களுக்குப் புதுத் தண்ணீர்

சரவணம்பட்டி தாண்டி அன்னூர், புஞ்சை புளியம்பட்டி வழியாகச் சத்தியமங்கலம் போகும் சாலை, மழை குறைந்த பூமி வழியே போகிறது. பல வருடங்களாக முள்செடி மண்டிக் கிடந்த குளங்கள் இந்தப் பக்கம் நிறைய. அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17-ல் தொடங்கிவைக்கப்பட்டது. பவானி ஆற்றின் உபரி நீரைக் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழிருந்து குழாய் வழியே ஏற்றி, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோகும் திட்டம் இது. குளத்தில் தண்ணீர் நின்றால் கிணறு ஊறும், தென்னை பிழைக்கும். கூடவே, மீன் விடலாமா என்ற பேச்சும் எழும்.

மீன் வளர்ப்புக்கும் கோவைக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. 1887-ல் கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டைத் தொகுத்தவர் ஃபிரெடெரிக் நிக்கல்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி. கிணறு, மாடு, பயிர், கடன் என்று கொங்கு விவசாயியின் வாழ்க்கையை அலசியவர். பின்னாளில் மெட்ராஸ் மாகாணத்தில் மீன்வளத் துறை உருவாகக் காரணமாக இருந்தவரும் அவரேதான். 1907-ல் தொடங்கியது அந்தப் பணி. கடலோரத்துக்குத்தான் முதல் கவனம் என்றாலும், ஏரி குளத்து மீனும் மக்களின் உணவு என்ற எண்ணம் அப்போதே விதைக்கப்பட்டுவிட்டது.

பவானிசாகர்: வாய் திறக்கும் நாள்

பவானியும் மாயாறும் சேரும் இடத்தில் 1955-ல் கட்டி முடிக்கப்பட்டது பவானிசாகர் அணை. சுமார் 8 கிலோமீட்டர் நீளத்துக்கு நீளும் மண் அணை. அணைப் பூங்காவுக்கு வெளியே மீன் கடைகளில் மிளகாய்ப்பொடி தடவிய மீன் துண்டுகள் எண்ணெயில் பொரியும் வாசம், பஸ் நிற்கும் இடம் வரை வரும்.

சுற்றுலா வருபவர்கள் அதிகம் எட்டிப் பார்க்காத இடம், இங்கிருக்கும் அரசு மீன்குஞ்சு பண்ணை. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் ஓடும் ஆற்றில் வெள்ளம் வரும்போது முட்டையிடும் இனங்கள். தேங்கிய குளத்தில் வளரும். ஆனால், இனப்பெருக்கம் செய்யாது. இந்த முட்டுக்கட்டையை உடைத்தவர் டாக்டர் ஹிராலால் சௌத்ரி. மீனின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசியாகப் போட்டு, 1957 ஜூலை 10-ல் ஒடிசாவில் கெண்டை இனங்களை முட்டையிட வைத்தார். இன்றைக்கும் ஜூலை 10 தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. இப்போது சுரப்பிச் சாற்றுக்குப் பதில் செயற்கை ஹார்மோன் ஊசி வந்துவிட்டது.

ஊசி போட்ட மறுநாளே முட்டை பொரிந்துவிடுகிறது. கண்ணாடி இழை போன்ற நுண்குஞ்சு, வயிற்றோடு ஒட்டிய பையில் உள்ள மஞ்சள் கருவைத் தின்று இரண்டு மூன்று நாள் ஓட்டும். அதற்கப்புறம் வாய் திறக்கும். அந்த நாள்தான் முக்கியம். முட்டை ஓட்டிலிருந்தும், தண்ணீரிலிருந்தும், முதல் கவளம் தீனியிலிருந்தும் பாக்டீரியாக்கள் முதன்முதலாகக் குடலுக்குள் குடியேறத் தொடங்குகின்றன.

பிறந்த குழந்தைக்குத் தாய்ப்பாலோடு நல்ல கிருமிகளும் போய்ச் சேருவதாக டாக்டர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். மீன்குஞ்சுக்குத் தாய் மடி கிடையாது. குளத்துத் தண்ணீர்தான் தாய். அந்தத் தண்ணீரில் எது இருக்கிறதோ, அதுதான் குடலில் முதல் இடம் பிடிக்கும். நல்லவை முதலில் அமர்ந்துவிட்டால், கெட்டவைக்கு உட்கார இடம் கிடைப்பது சிரமம்.

இரைப்பை இல்லாத வயிறு

ரோகு, கட்லா, மிர்கால், சாதா கெண்டை, புல்கெண்டை... இவை எதற்கும் நம்மைப்போல இரைப்பை கிடையாது! வாயில் போனது நேராக நீளமான குடலுக்குள் இறங்கும். ரோகுவின் குடலை நீட்டி அளந்தால் அதன் உடலைப்போலப் பல மடங்கு நீளும். நம் இரைப்பையில் இருக்கும் அமிலம், உணவோடு வரும் கிருமிகளில் பலவற்றை வாசலிலேயே கொன்றுவிடுகிறது. கெண்டை இனத்துக்கு அந்த வாசல் இல்லை. ஆகவே, குடலே செரிமானக் கூடம், குடலே காவல் நிலையம்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. மனிதர்களுக்கு எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் உருவாகின்றன. மீனுக்கு அந்த வேலையைச் செய்வது சிறுநீரகத்தின் தலைப்பகுதி. நமக்கு இருப்பதுபோல நிணநீர் முடிச்சுகளும் மீனுக்கு இல்லை. எதிர்ப்பு அணுக்கள் குடல் சுவர் முழுக்கச் சிதறி நின்று காவல் காக்கின்றன.

குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் வாடகை கொடுக்காமல் இருப்பதில்லை. நன்னீர் மீன்களின் குடலில் பரவலாகக் காணப்படும் சீட்டோபாக்டீரியம் என்ற வகை, வைட்டமின் பி-12 தயாரித்துக் கொடுக்கிறது. கெண்டைக்கும் திலேப்பியாவுக்கும் தீவனத்தில் தனியாக பி-12 சேர்க்கத் தேவையில்லாமல் போவதற்கு இந்தக் குடல்வாசிகளே காரணம். வேறு சில, நார்ச்சத்தை நொதிக்கவைத்துக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அவை குடல் செல்களுக்கு உணவாகின்றன.

எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி, பயிற்சி. கங்கைச் சமவெளி ஓடைகளில் வாழும் வரிக்குதிரை மீனை, ஆய்வகத்தில் ஒரு கிருமிகூட இல்லாத சூழலில் வளர்க்க முடியும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு 2004-ல் அப்படி வளர்த்துப் பார்த்தது. குடலில் பாக்டீரியா இருக்கும் மீனையும் இல்லாத மீனையும் ஒப்பிட்டபோது, 212 ஜீன்களின் வேலை மாறியிருந்தது. அவற்றில் 59 ஜீன்கள் எலியின் குடலிலும் அதேபோல நடந்துகொள்பவை. செரிமானம், குடல் செல் வளர்ச்சி, நோய் எதிர்ப்பு மூன்றும் அந்தப் பட்டியலில் இருந்தன. குடலில் கிருமியே இல்லாத மீன் சுத்தமான மீன் அல்ல, பயிற்சி இல்லாத மீன் என்று புரிந்தது.

2010-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு இன்னொன்றைக் கண்டுபிடித்தது. டிரவுட் மீனின் ரத்தத்தில் ஒரு வகை எதிர்ப்புப் புரதம் அதிகம் என்றால், குடலில் வேலை செய்வது ஐஜிடி என்ற வேறொரு வகை. குடல் பாக்டீரியாக்களின் மேல் போர்வைபோலப் படர்ந்து அவற்றை எல்லை தாண்டவிடாமல் வைத்திருப்பது அதுதான். மனிதக் குடலில் ஐஜிஏ என்ற புரதம் செய்யும் அதே வேலை. மீனும் மனிதனும் பிரிந்து பல கோடி வருடங்கள் ஆனபிறகும், குடலைக் காக்க இருவரும் ஒரே மாதிரி வழியைத் தேடியிருக்கிறார்கள்!

கவுந்தப்பாடி, ஈரோடு: சர்க்கரையும் மஞ்சளும்

பவானிசாகரிலிருந்து சத்தியமங்கலம், கொடிவேரி, கோபிசெட்டிபாளையம் தாண்டி ஈரோடு ரோட்டில் வந்தால் கவுந்தப்பாடி. கரும்பாலைக் கொப்பரையில் பாகு கொதிக்கும் ஊர். நாட்டுச் சர்க்கரைக்குப் பேர்போன இடம். பொங்கலுக்கும் பஞ்சாமிர்தத்துக்கும் போகும் இந்தச் சர்க்கரைக்கு மீன் தொட்டியிலும் வேலை உண்டு.

தார்ப்பாய்த் தொட்டியில் நெருக்கமாக மீன் வளர்க்கும் 'பயோஃப்ளாக்' முறையைப் பலர் முயற்சி செய்கிறார்கள். மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அது மீனுக்கு விஷம். தொட்டியில் வெல்லமோ, சர்க்கரைப்பாகோ, மாவோ சேர்த்தால், அந்த மாவுச்சத்தைத் தின்று பெருகும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவையும் சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். பிறகு அவை சிறு சிறு திரளாக மிதக்கும். அந்தத் திரளை மீன் தின்னும். விஷம் தீனியாக மாறுகிறது; கூடவே, குடலுக்குள் பாக்டீரியாக் கூட்டமும் போய்ச் சேருகிறது.

கேட்க அழகாக இருக்கும். ஆனால், இந்தத் தொட்டியில் மீனும் பாக்டீரியாவும் ஒரே ஆக்சிஜனுக்குப் போட்டி போடுகின்றன. கரண்ட் போய் காற்றுக் குழாய் நின்றால், நெருக்கமான தொட்டியில் ஓரிரு மணி நேரத்தில் மொத்த மீனும் மிதந்துவிடும். இன்வெர்ட்டரோ, ஜெனரேட்டரோ இல்லாமல் இதில் இறங்கக் கூடாது என்று அனுபவப்பட்டவர்கள் எச்சரிப்பது அதனால்தான்.

ஈரோட்டுக்குள் நுழைந்தால் மஞ்சள் மண்டியின் வாசம். ஈரோடு மஞ்சள் 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. கொங்கு வீடுகளில் மீன் கழுவும்போது மஞ்சள் பூசாமல் இருக்க மாட்டார்கள். மீனுக்கு உயிரோடு இருக்கும்போதே மஞ்சள் கொடுத்தால்? தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் பங்கேற்று 2008-ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், மஞ்சள், துளசி, வேம்பு ஆகியவற்றின் சாறு தங்கமீன்களில் சோதிக்கப்பட்டது. ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா என்ற பாக்டீரியாவால் வரும் நோய்க்கு எதிராக அது பலன் தந்தது. ஆய்வகத் தொட்டியில் கிடைத்த பலன் அரை ஏக்கர் குட்டையில் அப்படியே கிடைத்துவிடும் என்று சொல்ல முடியாது. அளவு கூடினால் இதே மூலிகைகள் நல்ல பாக்டீரியாவையும் பாதிக்கலாம். ஆனாலும், ஆன்டிபயாடிக் அல்லாத வழிகளைத் தேட இப்படிப்பட்ட ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன.

பல்லடம்: கோழிக்கும் மீனுக்கும் நடுவில்

ஈரோட்டிலிருந்து காங்கேயம் வழியாகப் பல்லடம், பொங்கலூர் பக்கம் வந்தால் நிலத்தின் முகமே மாறுகிறது. தென்னந்தோப்பு, வாய்க்கால், நீளநீளமான கறிக்கோழிப் பண்ணைகள். பரம்பிக்குளம் - ஆழியாறு பாசனத்தில் நிலங்களை நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். முறைத் தண்ணீரையும் மழையையும் தேக்கிவைக்கத் தோட்டங்களில் பண்ணைக் குட்டை வெட்டியிருக்கிறார்கள். சும்மா கிடக்கும் தண்ணீரில் நாலு மீன் விட்டால் கைச்செலவுக்கு ஆகும் என்று ஆரம்பிப்பவர்கள் நிறைய. 2020-ல் வந்த பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப்பிரிவினருக்கு 40 சதவிகிதமும், பெண்களுக்கும் பட்டியலின, பழங்குடியினருக்கும் 60 சதவிகிதமும் மானியம் என்பது இன்னொரு தூண்டுகோல்.

மேல்மட்டத்தில் கட்லா, நடுவில் ரோகு, அடியில் மிர்கால் என்று மூன்று மாடிக் குடியிருப்பு மாதிரி கலந்து விடுவது வழக்கம். ஹெக்டேருக்கு 5,000 முதல் 10,000 குஞ்சுகள் என்பது கணக்கு. ஆசைப்பட்டு இரண்டு மடங்கு விடும்போதுதான் வம்பு ஆரம்பிக்கிறது.

ஏரோமோனாஸ் வெளியூரிலிருந்து வரும் எதிரி அல்ல. நல்ல குளத்துத் தண்ணீரிலும் இருக்கும், ஆரோக்கியமான மீனின் குடலிலும் இருக்கும். மற்ற பாக்டீரியாக்களும் குடல் சுவரும் வலுவாக இருக்கும்வரை அது சாதுவாகக் கிடக்கும். நெரிசல் கூடி, அடியில் கழிவு சேர்ந்து, விடியற்காலையில் ஆக்சிஜன் இறங்கினால் மீன் தவிக்கும். தவிக்கும் உடலில் சுரக்கும் ஹார்மோன், எதிர்ப்புச் சக்தியை மட்டுப்படுத்தும். சளிப்படலம் மெலியும். அப்போது அதே ஏரோமோனாஸ் எல்லை தாண்டி ரத்தத்தில் கலக்கும். செதில் ஓரம் சிவக்கும், வயிறு உப்பும், புண் விழும். மீன் குளிர் ரத்தப் பிராணி என்பதால், மார்கழி, தை மாதக் குளிரில் அதன் எதிர்ப்புச் சக்தியும் மந்தமாகிவிடும். மழைக்குப் பிந்தைய குளிர்காலத்தில் புண்நோய் அதிகம் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

குஞ்சு, தீவனம், கூலி என்று பத்து மாதம் போட்ட காசு மிதக்கும்போது, விவசாயி மருந்துக் கடைக்குத்தான் ஓடுவார். அங்கே கிடைக்கும் ஆன்டிபயாடிக்கைத் தீவனத்தில் கலந்து போடுவார். கோழிப் பண்ணை பக்கத்திலேயே இருப்பதால் கோழிக்கு வாங்கிய மருந்தையே கொட்டுபவர்களும் உண்டு. அது குடலில் இருக்கும் நல்லது கெட்டது எல்லாவற்றையும் துடைத்துவிடுகிறது. தப்பிப் பிழைப்பது மருந்துக்கு அடங்காத பாக்டீரியா. காலியான குடலில் முதலில் இடம் பிடிப்பதும் அதுவே. சீனாவில் திலேப்பியா மீன்களுக்கு ஆன்டிபயாடிக்கைத் தொடர்ந்து கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018-ல் வெளியானது. அனுமதிக்கப்பட்ட அளவில் கொடுத்தபோதே குடல் பாக்டீரியாக்களின் சமநிலை குலைந்து, மீனின் உடல்நலமும் பாதிக்கப்பட்டது தெரியவந்தது.

இது மீனோடு முடிகிற விஷயம் அல்ல. மருந்துக்கு அடங்காத பாக்டீரியா குட்டையிலிருந்து வாய்க்காலுக்கும், மீன் கழுவும் கைக்கும், மனிதனுக்கும் வரலாம். கோழி எருவை அப்படியே குட்டையில் கொட்டினால், கோழிக்குப் போட்ட மருந்தின் மிச்சமும் சேர்ந்து இறங்கும். மனிதர்களுக்குக் கடைசிக் கட்ட மருந்தான கோலிஸ்டினை, உணவுக்காக வளர்க்கும் கால்நடை, கோழி, மீனுக்குப் பயன்படுத்த மத்திய அரசு 2019 ஜூலையில் தடை விதித்ததற்குப் பின்னால் இருந்த கவலையும் இதுதான். குளோரம்பெனிகால், நைட்ரோஃபியூரான் போன்றவற்றுக்கும் மீன் வளர்ப்பில் தடை இருக்கிறது.

மருதமலை அடிவாரம்: பாக்கெட்டில் வரும் நல்ல பாக்டீரியா

பல்லடத்திலிருந்து கோவை திரும்பி மருதமலை ரோட்டில் போனால், மலை அடிவாரத்தில் பாரதியார் பல்கலைக்கழகம். இங்குள்ள விலங்கியல் துறை ஆய்வாளர்கள், நன்னீர் இறாலின் குஞ்சுகளுக்கு புரோபயாட்டிக் கலந்த தீவனம் கொடுத்து, அவை பிழைக்கும் விகிதத்திலும் வளர்ச்சியிலும் முன்னேற்றம் இருப்பதை 2012-ல் பதிவு செய்திருக்கிறார்கள். புவனேஸ்வரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள், நம் ரோகு மீனுக்கே பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவைத் தீவனத்தில் கொடுத்துப் பார்த்தார்கள். எதிர்ப்பு அணுக்களின் சுறுசுறுப்பு கூடியது, ஏரோமோனாஸைத் தாங்கும் திறனும் உயர்ந்தது.

புரோபயாட்டிக் என்றால் புரியாத பொருள் அல்ல. போதிய அளவில் உயிரோடு உள்ளே போய் நன்மை செய்யும் நுண்ணுயிரி, அவ்வளவுதான். நம் வீட்டுத் தயிரிலும் பழைய சோற்றுத் தண்ணீரிலும் இருக்கும் சொந்தக்காரர்கள். அவை இடத்தைப் பிடித்துக்கொண்டு கெட்டதைத் தள்ளிவைக்கும், நொதி சுரந்து செரிமானத்துக்கு உதவும், குடல் காவலர்களை விழிப்போடு வைத்திருக்கும்.

ஆனால், கடையில் தொங்கும் பாக்கெட் எல்லாம் ஒன்றல்ல. எந்த வகை பாக்டீரியா, எவ்வளவு எண்ணிக்கை, எப்போது காலாவதி என்று பார்க்காமல் வாங்கினால், தவிட்டுக்குக் காசு கொடுத்த கதையாகிவிடும். வெயிலில் வைத்த பாக்கெட்டில் பாதி செத்திருக்கும். ஆன்டிபயாடிக்கோடு சேர்த்துப் போட்டால் போட்டதெல்லாம் வீண். போடுவதை நிறுத்தினால், வந்த விருந்தாளிகள் பெரும்பாலும் சில நாளில் கிளம்பிவிடுவார்கள். தண்ணீர் கெட்டுக் கிடக்கும் குளத்தை எந்த பாக்கெட்டும் காப்பாற்றாது.

குட்டையில் மீன் விடும் எண்ணம் இருந்தால் கவனிக்க வேண்டியவை:

* மீன் விடும் முன் குட்டையைக் காயவிட்டு, அடிச்சேற்றை அள்ளி, மண் பரிசோதனைப்படி சுண்ணாம்பு இடுங்கள்.

* குஞ்சைப் பையோடு கொஞ்ச நேரம் குட்டைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, வெப்பம் சமமான பிறகு திறந்துவிடுங்கள்.

* விடியற்காலையில் ஒரு நடை போய்ப் பாருங்கள். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் ஆக்சிஜன் குறைவு. லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் நல்லது. 3-க்குக் கீழே போனால் ஆபத்து. உடனே தீவனத்தை நிறுத்தி, மோட்டார் போட்டுத் தண்ணீரைத் தூவிவிடுங்கள்.

* பூஞ்சை பிடித்த புண்ணாக்கு, தவிடு வேண்டவே வேண்டாம். அந்த நச்சு கல்லீரலையும் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்துக் கெடுக்கும்.

* தின்று தீர்க்கும் அளவே தீவனம். மிச்சம் விழுந்தால் அது தண்ணீரைக் கெடுக்கும்.

* நோய் தெரிந்தால் கடைக்குப் போகும் முன், மீன்வளத் துறை அலுவலகத்துக்கு மீனோடும் தண்ணீரோடும் போங்கள். மீன் பேன் கடிக்கும் ஆன்டிபயாடிக்குக்கும் சம்பந்தமே இல்லை!

ஆழியாறு: அணை சொன்ன பாடம்

கோவையிலிருந்து பொள்ளாச்சி தாண்டி வால்பாறை மலைக்கு ஏறும் முன்னால் ஆழியாறு அணை. ஆனைமலையின் பச்சை தண்ணீரில் விழும் இடம். இங்கேயும் மீன் கடைகள். சனி, ஞாயிறுகளில் கார்கள் வரிசைகட்டி நிற்கும்.

இந்திய நீர்த்தேக்க மீன்வளத்தைப் பற்றிப் பேசும் நிபுணர்கள் ஆழியாறைக் குறிப்பிடாமல் இருக்க மாட்டார்கள். சுமார் 650 ஹெக்டேர் பரப்புள்ள இந்தச் சிறிய அணையில், மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1980-களில் பணியாற்றியது. சின்னச் சின்னக் குஞ்சுகளை ஏராளமாகக் கொட்டுவதை நிறுத்தி, 10 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்த கெண்டைக் குஞ்சுகளை அளவோடு விட்டார்கள். சின்ன மீன்கள் பிடிபடாதபடி வலைக் கண்ணின் அளவிலும் கட்டுப்பாடு வைத்தார்கள். 1990 வாக்கில் விளைச்சல் ஹெக்டேருக்கு 190 கிலோவைத் தாண்டியது. அணை மீன் வளர்ப்பில் அது பெரிய உயர்வு.

வளர்ந்த குஞ்சை மற்ற மீன் விழுங்க முடியாது என்பது இதற்கு முதல் காரணம். ஆனால், வேறொரு உண்மையும் இதில் அடங்கியிருக்கிறது. மீன்குஞ்சின் எதிர்ப்புச் சக்தி பிறக்கும்போதே முழுதாக வருவதில்லை. பல வாரங்கள் எடுத்துக்கொண்டு முதிர்கிறது. குடல் நீண்டு, அதில் குடியிருப்போர் நிலைபெற்று, காவலர்கள் பயிற்சி பெற்ற பிறகு அணைக்கு வரும் குஞ்சு, புதுத் தண்ணீரைத் தாங்கும். நுண்குஞ்சாக வரும்போது தாங்காது. எண்ணிக்கையைவிட உள்ளே எவ்வளவு உறுதி என்பதே பிழைப்பைத் தீர்மானிக்கிறது.

அத்திக்கடவுத் தண்ணீர் வந்து சேர்ந்த குளங்களிலும், புதிதாக வெட்டிய பண்ணைக் குட்டைகளிலும் இனி மீன் விடப்போகிறவர்களுக்கு இந்தப் பாடம் உதவும். தண்ணீரைப் பார்த்துக்கொண்டால், தண்ணீர் குடலைப் பார்த்துக்கொள்ளும். குடல் மீனைப் பார்த்துக்கொள்ளும். அந்த வரிசையில் மருந்துப் பாக்கெட்டுக்குக் கடைசி இடம்தான்.

அடுத்த முறை ஆழியாறு கடையில் தட்டு கைக்கு வரும்போது, நன்றாக வெந்திருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு வாங்கும்போது வயிற்றை அமுக்கிப் பாருங்கள், குடலை உடனே எடுத்துவிடுங்கள், கையையும் கத்தியையும் நன்றாகக் கழுவுங்கள். முடிந்தால் கடைக்காரரிடம், "எந்தக் குளத்து மீனுங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள். வாங்குகிறவர்கள் கேட்கத் தொடங்கினால், வளர்க்கிறவர்களும் சொல்லத் தொடங்குவார்கள்.